தொட்டது யார், அக்கா?

அக்கா,

புது மதர்போர்டைச் சுற்றி வரும் பளபளப்பான சாம்பல் பையைப் பிரித்ததும் ஒரு வாசனை வருமே, சூடுபட்ட பிளாஸ்டிக்கும் ஏதோ மருந்தும் கலந்தது போல, அது இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை என் சாப்பாட்டு மேசையிலிருந்து கிளம்பியது. கிளம்பியதும் நீ வந்து நின்றாய். நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனைக்கு வராதவள், உன் வீட்டு நெத்திலி சம்பல் வாசனைக்கு வராதவள், இதற்கு மட்டும் வந்தாய். அதுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'உனக்கு எதுக்கு இந்த வேலை' என்கிற முகத்தோடு.

போன வருடம் டிங்கிக் காய்ச்சல் உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோனபோது, குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் உன்னைப் பற்றி எழுதினார்கள். அறிவாளி என்றார்கள், கைராசிக்காரி என்றார்கள். நான் எதுவும் எழுதவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உன்னைப் பற்றி எழுத என்னிடம் நல்லதாக எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதுகிறேன். இதிலும் அப்படியொன்றும் இருக்காது.

பாயான் லெப்பாஸில் சிப்புகளைச் சோதிக்கும் தொழிற்சாலையில் நீ இன்ஜினியர். கடலுக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருந்த உன் வீட்டிலிருந்து தினமும் இரண்டாம் பாலத்தில் காரை விரட்டிக்கொண்டு வருவாய். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் எந்த இயந்திரம் படுத்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீயும் போவாய். சரிசெய்வாய். சரிசெய்துவிட்டுக் கெடுத்தவர்களை ஒரு வழி பண்ணாமல் திரும்பமாட்டாய். அழுதுகொண்டே உனக்கு மைலோ கலக்கிக் கொடுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது பல வருடங்களுக்கு முன் நடந்தது. நான் அப்போது அனிமேஷன் படம் செய்கிறவள். என் கூட்டாளி மே லிங் வரைவாள், நான் அசைய வைப்பேன். ஜெலுத்தோங்கில் என் ஃபிளாட்டின் முன்னறைதான் எங்கள் ஆபீஸ். ஈப்போவிலிருந்து ஒரு நிறுவனம் எங்களை நம்பி முதல்முறையாகப் பெரிய வேலை ஒன்றைத் தந்தது. பல்வலி வந்த முதலை ஒன்று டாக்டரிடம் போகப் பயப்படுகிற கதை, பள்ளிப் பிள்ளைகளுக்காக. என் பழைய கணினி ஒரு காட்சியை முடிப்பதற்குள் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம். உன்னிடம் சொன்னேன். மறு வாரமே பாகங்களை வாங்கிக்கொண்டு வந்தாய். லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாள் அது. பெட்டியை நீயே எட்டு மாடி தூக்கி வந்தாய், என்னைத் தொடக்கூட விடவில்லை. அன்று அதைப் பாசம் என்று நினைத்தேன்.

"விண்டோஸ் கேட்டா நான் இப்பவே கெளம்பிருவேன். லினக்ஸ்தான். தெரியலன்னா கத்துக்க" என்றாய்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டையும் கழற்றிப் புதிய பெட்டிக்குள் மாட்டினாய், அதிலிருந்ததை நான் மெல்ல மாற்றிக்கொள்ளட்டும் என்று. புதிய வட்டில் லினக்ஸ் ஏற்றினாய். எல்லாம் பறந்தது. ஒன்றரை மாதம் நானும் மே லிங்கும் முதலையோடு வாழ்ந்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று செய்த காட்சிகளின் பிரதி ஒன்றைப் பழைய வட்டில் போட்டுவைப்பேன்.

பிறகு ஒருநாள் நீயே போன் செய்தாய். "அந்தப் பழைய டிஸ்க் சும்மாதானே கெடக்கு? எனக்கு வேணும். கழட்டி எடுத்துட்டு வா."

"பேக்கப் அதுலதான் இருக்குக்கா."

"வேற வாங்கிக்க லா. புது டிஸ்க்ல எல்லாம் பத்திரமா இருக்குல்ல? அப்புறம் என்ன பயம்?"

கணினியை முறையாக அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, நீ போனில் சொன்னபடியே வட்டைக் கழற்றிச் சிம்பாங் அம்பாட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதிலிருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்து உன் கணினியில் மாட்டிவிட்டாய். வீட்டுக்கு வந்து என் கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரை. துவங்குவதற்கு ஏற்ற வட்டு எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

உனக்குப் போன் செய்தேன். நீ முதலில் கேட்டது, "என்ன தொட்ட நீ?"

"நீ சொன்னதத்தான்க்கா கழட்டினேன்."

"நான் ஒரு டிஸ்க்க கழட்டச் சொன்னேன். நீ உள்ள எதை எல்லாம் நோண்டின?"

மறுநாள் மே லிங்கின் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தோம். இன்னும் இரண்டு நாளில் படத்தைக் கொடுக்க வேண்டும். நீ மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாய், சில விசைகளைத் தட்டினாய், மே லிங் இருக்கிறாள் என்றும் பார்க்காமல், "இவ கைல நல்ல சாமான் குடுக்கவே கூடாது" என்றாய். பிறகு எங்கள் இரண்டு பேரையும் துரத்தினாய். "இங்க நின்னு மூஞ்சிய பாக்காதீங்க. போய் சாப்பாடு தாப்பாவ் பண்ணிட்டு வாங்க."

பொட்டலங்களோடு நாங்கள் திரும்பி வந்தபோது திரையில் புத்தம் புது லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமாக. காலியாக.

"என் ஃபைல் எல்லாம் எங்கக்கா?"

"டிஸ்க் கெட்டுப்போச்சு. நீ கண்டபடி புடுங்கினதுல உள்ள இருந்தது எல்லாம் காலி. திரும்ப போட்டுட்டேன். இதாவது கெடச்சுதுன்னு சந்தோசப்படு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மே லிங் பொட்டலங்களை மேசையில் வைத்தாள். நீ சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, சம்பல் போதவில்லை என்றாய்.

ஈப்போக்காரர்கள் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மே லிங் ஒரு மாதம் பொறுத்திருந்து ஒருநாள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள், நீ கெட்டவள் இல்லை சுதா, ஆனால் உன் கையில் என் வரைபடங்களைக் கொடுக்க இனி எனக்குப் பயமாக இருக்கிறது என்று. கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவுக் கவுண்டரில் சேர்ந்தேன். அங்கேயும் கணினிதான். அது நின்றுவிட்டால் மற்றவர்கள் மறுபடி ஒரு தட்டுத் தட்டுவார்கள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருப்பேன்.

நீயோ அதைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லும் கதையாக ஆக்கிக்கொண்டாய். யாராவது என்னிடம் போனை நீட்டினால் போதும், "ஐயோ அவகிட்ட குடுக்காதீங்க, தொட்டா செத்துரும்!" என்பாய். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன் அக்கா. வருடக்கணக்காக உன்னோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நீ போன பிறகு, திரும்பவும் படம் செய்யலாமா என்று ஓர் ஆசை தலைதூக்கியது. அது ஏன் நீ போன பிறகு வந்தது என்று நீயே யோசித்துக்கொள். கொம்தார் பக்கம் போய்ப் பாகங்களை நானே தேர்ந்து வாங்கினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் முடுக்கினேன். மாலைக்குள் கணினி உயிர்பெற்றது. லினக்ஸ்தான் ஏற்றினேன். இத்தனை வருடத்தில் அதைத்தான் பழகியிருந்தேன், உன்னால் அல்ல, உன்னிடம் மறுபடி கேட்கக்கூடாது என்கிற வைராக்கியத்தால். நான் அதுவரை வீட்டில் ஓட்டிய கணினியின் வட்டையும் ஏற்றுவதற்கு முன்பே கூடவே மாட்டியிருந்தேன். அதிலிருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினேன். அது தேய்ந்து கரகரவென்று சத்தம் போட்டது. அடுத்த சனிக்கிழமை, மாற்றி முடித்ததும், அணைத்துவிட்டு அதைக் கழற்றினேன்.

திறந்தேன். கறுப்புத் திரை. அதே வரி.

என் கை தானாகப் பின்னால் போனது. எதைத் தொட்டுவிட்டேன், எதைக் கெடுத்துவிட்டேன் என்று மனம் உன் குரலிலேயே கேட்டது. கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். போன் செய்து கேட்க இப்போது யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் வருத்தம் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து, கழற்றிய வட்டை மறுபடி மாட்டினேன். கணினி எந்தக் குறையும் இல்லாமல் எழுந்தது. அணைத்தேன், கழற்றினேன். எழவில்லை. மாட்டினேன். எழுந்தது. பிறகு இரண்டு வட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். லினக்ஸ் முழுவதும், என் வேலை முழுவதும் புதிய வட்டில்தான் இருந்தது. ஆனால் கணினியைத் திறந்தவுடன் லினக்ஸைத் தட்டி எழுப்பும் அந்தச் சின்ன நிரல் இருக்கிறதே, பூட் லோடர், அது மட்டும் பழைய வட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வட்டு இருந்தால், நாம் பார்த்துச் சொல்லாவிட்டால், ஏற்கெனவே அதற்கென்று இடம் உள்ள பழைய வட்டிலேயே லினக்ஸ் அதை எழுதிவிடுகிறது. எழுப்புகிறதைக் கழற்றிவிட்டால் தூங்குகிறது எப்படி எழும்? புதிய வட்டில் ஒரு பழுதும் இல்லை. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை.

அதைப் புரிந்துகொண்டதும் அன்றைய கறுப்புத் திரை நினைவுக்கு வந்தது.

அன்றும் அழியவில்லை, அக்கா. உன் வீட்டு மேசையில் வைத்தபோது என் முதலை முழுசாக அந்த வட்டுக்குள் இருந்தது. பூட் லோடரைப் பழைய வட்டில் போட்டது நீ. அந்த வட்டைக் கேட்டு வாங்கித் துடைத்தது நீ. உள்ளே பார்க்காமல் என் வேலையின் மேல் புதிதாக எழுதியது நீ. நான் ஒரு வட்டைக் கழற்றினேன், நீ சொல்லி.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. உனக்குத் தெரியாமலே போயிருக்கலாம் அல்லவா? தவறு எல்லோருக்கும் நடக்கிறது. அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றுதான் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு என் கம்ப்யூட்டர அக்கா திரும்ப போட்டுச்சே, நானும் மே லிங்கும் சாப்பாடு வாங்கப் போனப்ப. அப்ப அக்கா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா?"

டிவி சத்தம் நின்றது. "எதுக்கும்மா இப்ப அது?"

"சொல்லுங்க மாமா."

"டீ குடுக்கப் போனேன். தலைல கை வச்சு உக்காந்திருந்தா. என்னடின்னு கேட்டேன். ஐயோ, பூட்ட பழைய டிஸ்க்லல்ல போட்டிருக்கேன், அத தொடச்சிட்டேனேன்னா. இத அழிக்காமயே சரி பண்ணிருக்கலாம், அவசரப்பட்டுட்டேன்னா."

"அப்புறம்?"

"அவகிட்ட சொல்லிராதீங்கன்னா."

அவரே தொடர்ந்தார். "அப்ப அவ டிப்பார்ட்மெண்ட்ல அவ ஒருத்திதான்மா பொம்பள. ஒரு சின்ன தப்பு பண்ணா போதும், தலைல ஏறி உக்காந்துருவானுங்க. தப்ப ஒத்துக்கவே கூடாதுன்னு பழகிட்டா. அது வீட்டுக்கும் வந்துருச்சு. செத்தவ மேல இனிமே என்னம்மா கோவம்?"

"செத்துட்டா நடந்தது மாறிருமா மாமா?"

"மாறாதுதான்" என்றார். வைத்துவிட்டார்.

அவர் சொன்னதையும் யோசித்தேன். உன்னை நசுக்கியவர்கள் இருந்திருப்பார்கள். நம்புகிறேன். ஆனால் அவர்களிடம் காட்ட முடியாததை நீ என்னிடம் காட்டினாய். அன்று வாயை மூடிக்கொண்டதைக்கூட ஒரு பயந்த நிமிடம் என்று விட்டுவிடலாம். தீபாவளிக்குத் தீபாவளி எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னாயே, உண்மை தெரிந்தே சொன்னாயே, அதற்கு எந்த டிப்பார்ட்மெண்ட்டைக் காரணம் காட்டுவாய்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணினியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, புதிய வட்டின் ஓரத்தில் சின்னதாக ஓர் இடம் ஒதுக்கி, பூட் லோடரை அங்கே எழுத வேண்டும். கேட்க எளிது. எழுத மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தது. தேடிப் பார்த்ததில், பென் டிரைவைப் பழைய முறையில் திறந்திருந்தேன். பழைய முறைக்கு ஒன்று, புதிய முறைக்கு ஒன்று என்று அது மெனுவில் இரண்டு பெயரில் நிற்கிறது, நான் தவறான பெயரைத் தொட்டிருக்கிறேன். வெளியே வந்து மற்றதைத் தேர்ந்தேன். எழுதியது. பழைய வட்டைக் கழற்றிவிட்டுக் கணினியைத் திறந்தேன். எழுந்து, பாதியில் நின்று, எதையோ வெகுநேரம் எதிர்பார்த்து, கடைசியில் கை விரித்தது. திறக்கும்போது என்னென்ன வட்டுகளைத் தேட வேண்டும் என்று ஒரு கோப்பில் வைத்திருக்குமே, அதில் பழைய வட்டின் அடையாளம் இன்னும் இருந்தது. இல்லாத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினேன்.

எழுந்தது. என் கோப்புகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வெற்றி என்று குதிக்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு பிற்பகல் வேலை. என் படத்தைக் காப்பாற்ற உனக்கு அன்று ஒரு பிற்பகல் தேவைப்பட்டிருக்கும், உன் கைக்கு அதுகூட வேண்டாம். நாங்கள் சாப்பாட்டோடு திரும்பியபோது, தப்பு என்னோடதுதான் என்று ஒரு வார்த்தை சொல்ல அதைவிடக் குறைவாக.

போன மாதம் உன் முதலாண்டுத் திதி. போக வேண்டாம் என்று நினைத்தேன், போனேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. படையல் முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்தோம். கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த சின்னம்மா, பேரனின் வீடியோவைக் காட்ட போனை என் பக்கம் நீட்டி, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அடி ஆத்தி! ஒன்கிட்ட குடுக்கக்கூடாதுல்ல. அக்கா என்ன சொல்லுவா? தொட்டா செத்துரும்!"

வழக்கம்போல் சிரித்தார்கள். சிலர் உன்னை நினைத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு அந்த கம்ப்யூட்டர நான் கெடுக்கல சின்னம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அக்காதான் என் படத்த அழிச்சிச்சு. அதுக்குத் தெரியும். தெரிஞ்சே என்மேல போட்டுச்சு."

இலைகளில் கைகள் நின்றன. "ஏய் சுதா! படத்துக்கு முன்னால உக்காந்துகிட்டு பேசுற பேச்சா இது?" என்றார் சின்னம்மா. "இல்லாதவள போயி..."

"இருந்திருந்தா அது மொகத்துக்கு நேரா சொல்லிருப்பேன். எனக்கே இப்பதான தெரியும்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். ரசவாளியோடு பந்தியின் நடுவில் நின்றிருந்தார். உன் படத்தை ஒரு தடவை பார்த்தார். அவர் மழுப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மழுப்பியிருந்தால் அவரைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன்.

"ஆமா" என்றார். "சுதா சொல்றது சரிதான். எனக்கும் தெரியும். சொல்லல."

யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரோ அப்பளம் கேட்டார்கள். சாப்பாடு தொடர்ந்தது. ஆனால் கிளம்பும் நேரத்தில் உன் சின்ன நாத்தனார் என்னிடம் வந்து, வீட்டு லேப்டாப் ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது, வந்து பார்ப்பாயா என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

வீடு திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல். என்னைக் கொண்டுவிட மாமா காரோட்ட, பக்கத்தில் நான். "இப்பவாச்சும் அவள மன்னிச்சிரு" என்றார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், ஏதோ என் பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்வது போல. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ எவ்வளவு கொடுமைக்காரியாக இருந்தாலும், தப்பு என்னுடையது சுதா என்று என்றைக்காவது ஒருநாள் வந்து நின்றிருந்தால், என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈப்போ வேலை போன வாரத்தில் கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும், போன வருடம் ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாலும் அதுதான். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் அதைச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காதவளுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் அது யாருக்கும் பயன்படாமல் இன்னும் என்னிடமே கிடக்கிறது, ஒரு 'பரவால்லக்கா.'